ஆங்கிலச் சொற்றொடர் வினைகளின் வரலாறு

சொற்றொடர் வினை என்பது ஆங்கிலத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்று வழங்கப்படுகிறது. ஒரு எளிய வினைச்சொல்லும் அதற்குப் பின்னால் வரும் ஒன்றோ இரண்டோ இடைச்சொற்களும் சேர்ந்து ஒரே வினையாக நின்று பொருள் தருவதே இதன் இலக்கணம். 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. ஆனால் 'கிவ் அப்' என்றால் கைவிடு. 'புட்' என்றால் வை. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு, 'புட் அவுட்' என்றால் தீயை அணை, 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். வினை ஒன்றுதான்; பின்னால் வரும் சிறு சொல் மாற மாறப் பொருள் எங்கோ போய்விடுகிறது.

நம் பள்ளிகளில் இவற்றைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதே வழக்கம். தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துபோகும். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. காரணம் தெரியாத எதுவும் மனத்தில் நிற்காது. இந்த வினைகள் எப்படி உருவாயின என்று தெரிந்துகொண்டால், பட்டியல் முழுவதும் இல்லாவிட்டாலும் பெரும்பகுதி தற்செயலானது அல்ல என்பது விளங்கும்.

முன்னால் இருந்த சொல் பின்னால் போனது

ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு முதல் 1100 வரை இங்கிலாந்தில் பேசப்பட்டது பழைய ஆங்கிலம். அதில் இந்தச் சிறு சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தன. இன்றைய 'கோ அவுட்' அன்று 'ஊட்கான்'. 'ஊட்' என்பது வெளியே, 'கான்' என்பது செல். வெற்றிகொள் என்ற பொருளில் இன்று வழங்கும் 'ஓவர்கம்' அன்று 'ஓவர்குமன்'.

இந்த வரிசை நமக்குப் புதிதல்ல. வெளியேறு, புறப்படு, மேற்கொள், உட்கொள், எதிர்கொள், முன்வை ஆகிய சொற்களைப் பாருங்கள். வெளி, புறம், மேல், உள், எதிர், முன் ஆகியவை முன்னால் நிற்கின்றன; வினை பின்னால் வருகிறது. 'மேற்கொள்' என்பதில் மேலும் இல்லை, கொள்வதும் இல்லை. இரண்டும் சேர்ந்து செய்யத் தொடங்குதல் என்ற மூன்றாவது பொருள் பிறக்கிறது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உறவு ஏதும் கிடையாது. ஆனால் இடத்தைக் குறிக்கும் சொல்லை வினையோடு சேர்த்துப் புதுப்பொருள் உண்டாக்கும் வழக்கம் இரு மொழிக்கும் பொது. சொற்றொடர் வினை நமக்கு அந்நியமானது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம்.

ஆங்கிலத்தின் நெருங்கிய உறவான ஜெர்மன் மொழியில் இந்தப் பழைய அமைப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. கைவிடு என்பதற்கு ஜெர்மனில் 'அவுஃப்கேபன்'. 'அவுஃப்' என்பது மேலே, 'கேபன்' என்பது கொடு. அப்படியே ஆங்கிலத்தின் 'கிவ் அப்', ஆனால் தலைகீழாக. எளிய வாக்கியத்தில் இந்த 'அவுஃப்' பிரிந்து வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் அது நிரந்தரமாகவே பின்னால் போய்விட்டது.

ஏன் போனது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. பழைய ஆங்கிலத்தில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதும் உண்டு. அந்த வழக்கம் மெல்ல மறைந்து, எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை உறுதியானது. இதற்கிடையே பல முன்னொட்டுகள் தேய்ந்து பொருளிழந்தன. மூன்றாவது காரணம் வைக்கிங்குகள். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளையடிக்க வந்தவர்கள், 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிவிட்டார்கள். அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் இடைச்சொல் ஏற்கெனவே வினைக்குப் பின்னால்தான் வந்தது. அவர்கள் எந்த அளவுக்குக் காரணம் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சொற்றொடர் வினைகளில் மிகுதியாக வரும் 'டேக்', 'கெட்', 'கால்' ஆகிய வினைகளே நோர்ஸிலிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. எடு என்பதற்குப் பழைய ஆங்கிலச் சொல் 'நிமன்'. அது வழக்கொழிந்து அந்த இடத்தில் 'டேக்' உட்கார்ந்துவிட்டது.

பழைய வரிசையில் அமைந்த சொற்கள் சில இன்றும் இருக்கின்றன: 'அண்டர்ஸ்டாண்ட்', 'ஓவர்கம்', 'அப்ஹோல்ட்', 'வித்ஸ்டாண்ட்'. கடைசிச் சொல்லில் உள்ள 'வித்' நம்மைக் குழப்பும். எதிர்த்து நில் என்பதில் 'உடன்' என்ற பொருள் எங்கே வந்தது? பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்றால் 'எதிராக' என்றே பொருள். 'ஃபைட் வித்' என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருளின் சாயல் இன்றும் தெரிகிறது.

முன்வரிசையும் பின்வரிசையும் இரண்டுமே நிலைத்துவிட்ட இடங்களில் மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 'ஓவர்டேக்' என்றால் முந்திச் செல். 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பை ஏற்றுக்கொள். 'அப்செட்' என்றால் மனத்தைக் கலக்கு. 'செட் அப்' என்றால் நிறுவு. 'அண்டர்கோ' என்றால் உள்ளாகு. 'கோ அண்டர்' என்றால் மூழ்கு, அல்லது வியாபாரம் நொடித்துப்போ.

சிறையில் பிறந்த ஒரு சான்று

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசவை, நீதிமன்றம், உயர்குடி எங்கும் பிரெஞ்சு மொழி. எழுத்துலகில் லத்தீன். ஆங்கிலத்தில் ஆண்டுவாரியாக வரலாறு எழுதிவந்த மடாலயங்கள் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டன. கிழக்கு இங்கிலாந்தில், வைக்கிங்குகள் குடியேறிய பகுதியில் இருந்த பீட்டர்பரோ மடாலயத்தின் துறவிகள் மட்டும் 1154 வரை எழுதினார்கள்.

அந்தக் குறிப்பேட்டின் கடைசிப் பகுதியில் ஸ்டீவன் மன்னரின் காலம் வருகிறது. மன்னர் ஆக்ஸ்ஃபோர்டில் அவை கூட்டி, சாலிஸ்பரி ஆயர் ரோஜரையும் அவருடைய உறவினரான லிங்கன் ஆயர் அலெக்சாண்டரையும் பிடித்துச் சிறையில் வைத்தார். அவர்கள் தங்கள் கோட்டைகளை ஒப்படைக்கும் வரை விடவில்லை. 'ஒப்படைக்கும் வரை' என்ற இடத்தில் துறவி எழுதியிருப்பது 'கிவ் அப்' என்பதன் அன்றைய வடிவம். எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சொற்றொடர் வினைகளில் அதுவும் ஒன்று. பொருளும் இன்று நாம் அறிந்ததுதான்.

பேச்சில் இவை இன்னும் முன்பே புழங்கியிருக்க வேண்டும். எழுத்து எப்போதும் பேச்சுக்குப் பின்னால் நடந்து வருவது.

ஒரு செயலுக்கு இரண்டு சொல்

நார்மானியர் வெற்றியோடு பிரெஞ்சுச் சொற்களும், பின்னர் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் புலவர்கள் வழியாக லத்தீன் சொற்களும் ஆங்கிலத்தில் வெள்ளமாகப் புகுந்தன. நாட்டுப்புறத்து மக்கள் தம் சிறு வினைகளையும் இடைச்சொற்களையும் வைத்தே காலம் தள்ளினார்கள். அதன் விளைவை இன்றைய ஆங்கிலத்தில் எங்கும் காணலாம். தீயை அணைக்க வீட்டில் 'புட் அவுட்', அறிக்கையில் 'எக்ஸ்டிங்விஷ்'. தள்ளிப்போட 'புட் ஆஃப்', கடிதத்தில் 'போஸ்ட்போன்'. பொறுத்துக்கொள்ள 'புட் அப் வித்', புத்தகத்தில் 'டாலரேட்'. பேச்சுக்கு ஒன்று, ஏட்டுக்கு ஒன்று. 'சாப்பிட்டார்' என்று பேசி, அழைப்பிதழில் 'உணவருந்தினார்' என்று எழுதும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

ஏட்டு மொழி உயர்ந்தது என்ற எண்ணம் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வலுத்தது. கவிஞர் ஜான் டிரைடன் 1672இல், நாடகாசிரியர் பென் ஜான்சன் வாக்கியத்தை இடைச்சொல்லில் முடித்ததைக் குற்றமாக எடுத்துக்காட்டினார். அது லத்தீனில் இயலாது. ஆகவே ஆங்கிலத்திலும் கூடாதாம். அதோடு நிற்காமல், 1668இல் தாம் எழுதிய நூலை 1684இல் மறுபதிப்பிட்டபோது அத்தகைய தம் வாக்கியங்களையே திருத்திக்கொண்டார். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் அவ்வளவு கடுமை காட்டவில்லை. பேச்சுக்கும் எளிய நடைக்கும் அது பொருந்தும், கம்பீரமான நடைக்குப் பொருந்தாது என்றார். அதைச் சொன்ன வாக்கியத்தையே அவர் இடைச்சொல்லில் முடித்திருப்பது வேடிக்கை. 'புட் அப் வித்' போன்ற வினைகள் இயல்பாகவே வாக்கியக் கடைசியில் வந்து நிற்பவை என்பதால், இந்த விதியின் அடி அவற்றின் மேலும் விழுந்தது.

சொற்றொடர் வினைக்கு முதல் மரியாதை செய்தவர் அகராதி தந்தை எனப்படும் சாமுவேல் ஜான்சன். 1755இல் வெளிவந்த அவரது அகராதியின் முன்னுரையில், வினையோடு இடைச்சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த அமைப்பு வேறெந்த மொழியிலும் காணாத அளவுக்கு ஆங்கிலத்தில் இருப்பதாகவும், அயலாருக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு இதுவே என்றும் சொல்லி, இவற்றை மிகுந்த கவனத்தோடு தொகுத்ததாகக் குறிப்பிட்டார். 'டேக்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் அவர் 134 பொருள்கள் தந்தார். ஐந்து பக்கங்களுக்கு மேல் ஓடியது. அயல்நாட்டு மாணவனின் சிரமத்தை 270 ஆண்டுகளுக்கு முன்பே நினைத்துப் பார்த்த ஒருவர் இருந்தார் என்பது ஆறுதலான செய்தி.

அவ்வளவு செய்தும் ஜான்சன் இதற்குத் தனிப்பெயர் சூட்டவில்லை. 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் வழங்கினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி பரிந்துரைத்த பெயர் அது என்று அவரே குறித்திருக்கிறார். எண்ணூறு ஆண்டு வாழ்ந்த பிறகு பெயர் சூட்டு விழா!

1930இல் சி. கே. ஆக்டன் 'பேசிக் இங்கிலீஷ்' என்ற திட்டத்தை வெளியிட்டார். உலகம் முழுவதும் கற்கத்தக்க 850 சொற்கள் கொண்ட ஆங்கிலம் அது. அதில் வினைகள் பதினெட்டே. எப்படிச் சமாளித்தார்? 'என்டர்' வேண்டாம், 'கோ இன்' போதும். இப்படி நூற்றுக்கணக்கான வினைகளை நீக்கிவிட்டார். 1943இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய சர்ச்சிலும் இத்திட்டத்தை ஆதரித்தார். கணக்கில் 850 சொற்கள்தாம்; ஆனால் அந்தச் சொற்களின் சேர்க்கைகளுக்குள் ஒளிந்திருந்த பொருள்களை யாரும் எண்ணவில்லை. ஜான்சன் எதை அயலாருக்குக் கடினம் என்றாரோ, அதையே அயலாருக்கு எளிய வழியாகக் கொடுத்தார் ஆக்டன். திட்டம் நிலைக்காமல் போனதில் வியப்பில்லை.

நமக்கு வந்த ஆங்கிலம்

ஒரு ஆங்கிலேயக் குழந்தை மூன்று வயதிலேயே 'கெட் அப்', 'புட் ஆன்', 'கம் இன்', 'ஃபால் டவுன்' என்று பேசிவிடும். 'டாலரேட்', 'எக்ஸ்டிங்விஷ்' எல்லாம் பள்ளிக்குப் போய்ப் படிப்பவை. நமக்கு நேர்மாறு. 1835இல் மெக்காலேயின் குறிப்புக்குப் பின் இந்தியாவில் வேரூன்றிய ஆங்கிலக் கல்வி, அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஆள் தயாரிப்பதை முக்கிய நோக்கமாகக் கொண்டிருந்தது. ஆகவே ஏட்டு ஆங்கிலம் முதலில் வந்தது. வீட்டு ஆங்கிலம் வரவே இல்லை. இன்றும் நம் விண்ணப்பங்களில் 'கமென்ஸ்', 'பர்ச்சேஸ்', 'ரிசைட்' தாராளமாக வரும். அதே மாணவர் ஒரு நேர்காணலில் 'வுட் யூ ஃபில் இன் திஸ் ஃபார்ம்?' என்ற கேள்விக்கு ஒரு கணம் தயங்குவார். சொற்கள் ஒவ்வொன்றும் தெரியும். சேர்ந்து வரும்போது தெரியாது. பேச்சாங்கிலம் நம் பிள்ளைகளுக்குப் பிடிபடாததற்கு உச்சரிப்பைக் காரணம் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் இதுவே என்பது என் கருத்து.

'ப்ரீபோன்' என்ற சொல்லைப் பாருங்கள். 'போஸ்ட்போன்' தெரிந்த இந்தியர், முன்கூட்டி வைத்துக்கொள்வதற்கு அதே அச்சில் இச்சொல்லை வழக்கமாக்கிக்கொண்டார். ஆங்கிலேயரிடம் அதற்கு 'பிரிங் ஃபார்வர்ட்' இருக்கிறது. சொற்றொடர் வினை தெரிந்திருந்தால் 'ப்ரீபோன்' தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் அது நல்ல சொல்தான். இப்போது அகராதிகளிலும் ஏறிவிட்டது.

நாமே பொருள் மாற்றிக்கொண்டவையும் உண்டு. அரசு அலுவலகங்களில் கோப்பை மேலதிகாரியிடம் சமர்ப்பிப்பது 'புட் அப்'. கல்லூரிப் படிப்பை முடிப்பதை நாம் 'பாஸ் அவுட்' என்கிறோம். படைப்பயிற்சி முடிவில் நடக்கும் அணிவகுப்புக்கு பிரிட்டனில் இப்பெயர் உண்டு. ஆனால் சாதாரண ஆங்கிலப் பேச்சில் 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழு. 2019இல் மயங்கி விழுந்தேன் என்று வெளிநாட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பாமல் இருப்பது நல்லது. 'கோப் அப் வித்' என்று நாம் சேர்க்கும் 'அப்' தேவையற்றது. சமாளி என்பதற்கு 'கோப் வித்' போதும்.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஹீப்ரு பேசும் மாணவர்கள் சொற்றொடர் வினை வரவேண்டிய இடத்தில் ஒற்றைச் சொல்லையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று டாகட், லாஃபர் ஆகியோர் 1985இல் கண்டார்கள். ஹீப்ருவில் இந்த அமைப்பு இல்லை. டச்சு மொழியில் இது உண்டு. எனவே டச்சு மாணவர்கள் அப்படி ஒட்டுமொத்தமாக ஒதுக்கவில்லை, பொருள் மறைந்திருப்பவற்றை மட்டும் தவிர்த்தார்கள் என்று 1989இல் வேறொரு ஆய்வு காட்டியது.

அகராதிகளும் எண்ணிக்கையும்

1970களில் இருந்து சொற்றொடர் வினைகளுக்கென்றே தனி அகராதிகள் வரத் தொடங்கின. அவற்றில் 1989இல் வந்த காலின்ஸ் கோபில்ட் அகராதி ஒரு திருப்புமுனை. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் கணினியில் திரட்டிய உண்மையான வாக்கியங்களை வைத்து அது தயாரிக்கப்பட்டது. 3,000க்கு மேற்பட்ட சேர்க்கைகள், 5,500க்கு மேற்பட்ட பொருள்கள். அதன் பின்பகுதியில் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' என்று இடைச்சொல்வாரியாகவும் பட்டியல் தந்தார்கள். வினையை விட்டு இடைச்சொல்லைப் பிடித்தால் ஒழுங்கு தெரிகிறது என்பதை அது எல்லோருக்கும் காட்டியது.

'அப்' என்பதையே எடுத்துக்கொள்வோம். முதற்பொருள் மேலே: 'ஸ்டாண்ட் அப்', 'கெட் அப்'. மேலே போவது கூடுவது: 'ஸ்பீட் அப்', வேகம் கூட்டு. பாத்திரம் விளிம்பு வரை நிரம்பினால் வேலை முடிந்தது. ஆகவே முழுமை: 'ஈட் அப்', தின்று தீர். 'யூஸ் அப்', பயன்படுத்தித் தீர். இங்கே தமிழ் 'தீர்' செய்யும் வேலையைத்தான் 'அப்' செய்கிறது. 'அவுட்' வெளியே, வெளியே வந்தால் தெரியும்: 'ஃபைண்ட் அவுட்', கண்டுபிடி. விளக்கின் ஒளி வெளியேறிவிட்டால் இருட்டு: 'கோ அவுட்', அணைந்துபோ. 'ஆஃப்' ஒட்டியிருந்ததிலிருந்து விலகல்: 'டேக் ஆஃப்', சட்டையைக் கழற்று, விமானம் தரையிலிருந்து கிளம்பு. எல்லாச் சேர்க்கையும் இப்படி விளங்கிவிடாது. 'லுக் ஆஃப்டர்' ஏன் கவனித்துக்கொள் ஆயிற்று? ஒருவர் பின்னாலேயே பார்வை போவதாக எண்ணிக்கொள்ளலாம். தமிழில் 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்கிறோமே, வெறும் 'பார்' எப்படி 'கொள்' சேர்ந்ததும் பராமரிப்பு ஆகிறது என்று தமிழ் கற்கும் வெளிநாட்டவர் கேட்டால் நம்மால் உடனே சொல்ல முடிகிறதா?

எத்தனை கற்க வேண்டும் என்ற கேள்விக்கு எண்ணிக்கையிலேயே பதில் உண்டு. பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தை கார்ட்னர், டேவிஸ் இருவரும் 2007இல் ஆராய்ந்தார்கள். அதில் வரும் சொற்றொடர் வினைகளில் பாதிக்கு மேற்பட்டவை வெறும் 20 வினைகளும் 8 இடைச்சொற்களும் சேர்ந்து உண்டானவை. மிகுதியாக வருவது 'கோ ஆன்'. 'கோ', 'கம்', 'டேக்', 'கெட்', 'புட்', 'செட்' முதலிய இந்த வினைகள் தொடக்கப் பள்ளியிலேயே நம் பிள்ளைகள் படிப்பவை. 2015இல் கார்னியே, ஷ்மிட் ஆகியோர் மிகுதியாக வழங்கும் 150 சொற்றொடர் வினைகளை எடுத்துக்கொண்டு பார்த்தபோது, பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன. எல்லாவற்றையும் கற்கத் தேவையில்லை. மிகுதியாக வழங்கும் ஓரிரு பொருள்கள் போதும் என்று அவற்றைத் தனியே பிரித்துத் தந்தார்கள். பட்டியல் கொடுத்தே ஆகவேண்டும் என்று நினைக்கும் ஆசிரியர்கள் அந்த 150ஐக் கொடுக்கலாம்.

வாக்கியத்தில் வைக்கும்போது

செயப்படுபொருளை எங்கே வைப்பது என்பதில்தான் பிழை அதிகம் வருகிறது. 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் வரவேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'லுக் ஆஃப்டர்' அப்படிப் பிரியாது. 'லுக் ஆஃப்டர் இட்' என்றே சொல்ல வேண்டும். வேறுபாட்டை உணர ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 'ரன் அப் எ ஹில்' என்றால் மலைமேல் ஓடு. இங்கே 'அப்' மலையோடு சேர்கிறது, நகராது. 'ரன் அப் எ பில்' என்றால் கடன் ஏற்று. இங்கே 'அப்' வினையோடு சேர்கிறது, 'ரன் எ பில் அப்' என்று நகர்த்தலாம்.

பெயர்ச்சொல்லாகும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அழுத்தம் முன்சொல்லுக்கு மாறும். 'பிரேக் டவுன்' என்று பிரித்து எழுதினால் பழுதாகி நில் என்ற வினை. 'பிரேக்டவுன்' என்று சேர்த்து எழுதினால் பழுது என்ற பெயர். 'லாக் இன்' என்பது கணக்கினுள் நுழை. 'லாகின்' என்பது நுழைவு. இணையதளங்களே இதில் தவறு செய்கின்றன. தமிழ்ப் பேச்சு இந்தப் பெயர்ச்சொற்களை எந்தத் தயக்கமும் இல்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது: மேக்கப், செக்கப், பிக்கப், லேஅவுட், 2020இல் லாக்டவுன். திரையரங்கு வாசலில் கட்அவுட் வைக்கிறோம். ஒன்றுமில்லாததற்குப் பில்டப் கொடுக்கிறார் என்று கேலி செய்கிறோம். இவற்றின் வினை வடிவங்களான 'மேக் அப்', 'கட் அவுட்', 'பில்ட் அப்' ஆகியவற்றைத்தான் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. பெயரோடு 'போடு', 'வை', 'கொடு', 'பண்ணு' என்று நம் வினைகளைச் சேர்த்து முடித்துக்கொண்டோம்.